தடித்த வட்டமுனை எழுத்துருவில் தமிழ் வரிவடிவம்: விழுப்புரம், திண்டிவனம் வட்டார ஊர்ப்பெயர்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கடைப்பலகை, விளம்பரத் தட்டி, சிறுவர் நூல், கைப்பேசிச் செயலி ஆகியவற்றில் தடித்த, முனை வட்டமான, வடிவியல் ஒழுங்குடைய எழுத்துருக்கள் இன்று பெருவழக்காயுள்ளன. உரோமன் வரிவடிவத்தின் இயல்பிலிருந்து உருவான இவ்வகையைத் தமிழுக்குக் கொணரும்போது எவ்வெழுத்துக்கூறுகள் சிதைகின்றன, அவற்றைக் காக்கும் வழி யாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. விழுப்புரம் மாவட்ட ஊர்ப்பெயர்கள் சோதனைச்சொற்களாகக் கொள்ளப்பட்டுள்ளன. தமிழில் தடிமன் என்பது கோலின் பருமனை மட்டும் சார்ந்ததன்று, கோல்களுக்கு இடைப்பட்ட வெளியைப் பங்கிடும் முறையைச் சார்ந்தது என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: எழுத்துரு, தடிமன், உள்வெளி, சுழி, புள்ளி, வட்டமுனை, ஊர்ப்பெயர்ப் பலகை.

1. முன்னுரை

தமிழ் எழுத்தின் வரலாறு கல்வெட்டு, ஓலைச்சுவடி, அச்சு என்னும் மூன்று தளங்களில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. ஆயின், இன்று பெரும்பாலோர் நாள்தோறும் படிக்கும் எழுத்து இம்மூன்றிலும் அடங்குவதில்லை. பேருந்தின் நெற்றியிலும் கடையின் முகப்பிலும் கைப்பேசித் திரையிலும் காணப்படும் அவ்வெழுத்துக் கணினி எழுத்துருவாகும். அதன் வடிவமைப்பு வரைகலைஞர்க்கு உரியது என்று கருதித் தமிழாய்வு பெரிதும் ஒதுங்கியே நின்றிருக்கிறது. குறில் நெடில் வேறுபாடும் மெய் உயிர்மெய் வேறுபாடும் ஒரு சிறு சுழியிலோ புள்ளியிலோ தங்கியிருக்கும் மொழியில், எழுத்துருவின் தேர்வு எழுத்திலக்கணத்தோடு நேரடித் தொடர்புடையது. எனவே, அழகியல் மதிப்பீட்டைத் தவிர்த்து, எழுத்து வேறுபாடு காக்கப்படுகிறதா என்னும் ஒரே அளவுகோலைக்கொண்டு இவ்வகை எழுத்துரு இங்கு நோக்கப்படுகிறது.

எழுத்தின் வரைவுக்கோடு இக்கட்டுரையில் 'கோல்' எனவும், கோல்கள் சூழ்ந்த வெற்றிடம் 'உள்வெளி' எனவும், கோல் முடியும் இடம் 'முனை' எனவும் குறிக்கப்படுகின்றன.

2. எழுத்துருவகையின் பின்புலம்

மேலை அச்சுக்கலையில் கோலின் முனையில் சிறு அணிக்கோடு பெற்றவை 'செரிஃப்' எனவும், பெறாதவை 'சான்ஸ் செரிஃப்' எனவும் வழங்கப்படும். அணிக்கோடற்ற எழுத்தை வட்டம், சதுரம், நேர்கோடு ஆகிய வடிவியல் உருக்களிலிருந்து கட்டமைக்கும் போக்கு 1920களில் செருமனியில் வலுப்பெற்றது. பால் ரென்னர் வரைந்து 1927-இல் வெளிவந்த ஃபியூச்சுரா இதன் முன்மாதிரி. கோல்முனைகளை அரைவட்டமாக மழுக்கும் வகைக்கு, வோக்ஸ்வாகன் நிறுவனத்திற்காக 1970களின் இறுதியில் உருவான வாக் ரவுண்டெட் பரவலாக அறியப்பட்ட சான்று. மழுங்கிய முனை மென்மையையும் நெருக்கத்தையும் உணர்த்தும் என்ற எண்ணத்தால் தின்பண்ட உறை, விளையாட்டுப் பொருள், சிறுவர் நூல் ஆகியவற்றில் இவ்வகை விரைந்து பரவியது.

உரோமன் எழுத்தில் இம்முறை எளிதாகப் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. அதன் சிறிய எழுத்துகள் பலவும் ஒரு வட்டம், ஒரு நேர்கோல் என்னும் இரு உறுப்புகளின் சேர்க்கை. ஓர் எழுத்தில் பெரும்பாலும் ஓர் உள்வெளியே இருக்கும். இரண்டைக் கடப்பது அரிது. ஆகவே கோலைப் பருக்கச் செய்தாலும் உள்வெளி எஞ்சும். தமிழில் நிலை வேறு.

3. 'வட்டம்' என்பதன் மூன்று நிலைகள்

தமிழ் எழுத்து இயல்பிலேயே வட்டமானது, ஆதலால் வட்டமுனை எழுத்துரு அதற்கு இயல்பாகப் பொருந்தும் என்னும் கருத்துப் பலரால் சொல்லப்படுகிறது. இக்கருத்து மூன்று வேறு செய்திகளை ஒன்றாக்கிவிடுகிறது.

முதலாவது, கோல் செல்லும் பாதையின் வளைவு. வட்டெழுத்தைப் பற்றிப் பேசும்போது நாம் கருதுவது இதனையே. (அப்பெயரை 'வெட்டெழுத்து' என்பதன் திரிபாகக் கொள்வாரும் உளர்.) செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் சமணக் கல்வெட்டு, வட்டெழுத்தின் தொடக்க நிலையைக் காட்டும் சான்றுகளுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. அங்கே வளைவு உளியின் பாதையில் இருக்கிறது.

இரண்டாவது, சுழி. இது கோல் தன்னைத்தானே சுற்றி அடைக்கும் சிறு வட்டம். ண, ன ஆகியவற்றைப் பள்ளிகளில் 'மூன்றுசுழி', 'இரண்டுசுழி' என்று எண்ணியே கற்பிக்கிறோம். இங்கு வட்டம் எழுத்தை வேறுபடுத்தும் கூறாகிறது.

மூன்றாவது, முனையின் வட்டம். இது எழுத்தின் இயல்பன்று. வரைகருவியின் இயல்பு அல்லது வடிவமைப்பாளரின் தேர்வு. தூரிகையால் எழுதிய சுவரெழுத்தில் முனை தானே மழுங்கும். கணினி எழுத்துருவில் அது திட்டமிட்டு மழுக்கப்படுகிறது.

மூன்றாம் நிலை வட்டம் மிகும்போது இரண்டாம் நிலை வட்டம் நெருக்கடிக்குள்ளாகிறது. முனையை அரைவட்டமாக்கக் கோலுக்குப் பருமன் வேண்டும். கோல் பருத்தால் சுழியின் உள்வெளி சுருங்கும். ஆகவே தமிழ் எழுத்தின் வட்டத்தன்மை இவ்வகை எழுத்துருவுக்குத் துணைசெய்வதைக் காட்டிலும் சிக்கலையே மிகுதியாகத் தருகிறது.

4. சோதனைச்சொற்களாக ஊர்ப்பெயர்கள்

ஆங்கில எழுத்துருவைச் சோதிக்க, பல்வகைக் கோலமைப்புகளை ஒருங்கே கொண்ட செயற்கைச் சொற்களை வடிவமைப்பாளர் பயன்படுத்துவர். தமிழுக்கு அத்தகைய சொற்றொகுதியை நடைமுறை வழக்கிலிருந்தே பெறலாம். ஊர்ப்பெயர் இதற்கு மிகவும் ஏற்றது. அது பலகையில் பெரிதாக எழுதப்படுகிறது. வாக்கியச் சூழலின் துணையின்றித் தனித்து நிற்கிறது. ஊருக்குப் புதியவர் அதனை எழுத்தெழுத்தாகவே படிக்க வேண்டியுள்ளது.

'திண்டிவனம்', 'விழுப்புரம்' ஆகிய இரு பெயர்களும் ஆறாறு எழுத்துகள் உடையவை. பன்னிரண்டில் நான்கு புள்ளி பெற்ற மெய்கள் (ண், ம், ப், ம்). மூன்று இகர உயிர்மெய்கள் (தி, டி, வி). இரண்டு உகர உயிர்மெய்கள் (ழு, பு). மூன்று அகர உயிர்மெய்கள் (வ, ன, ர). டகரத்தின்முன் வரும் டண்ணகரமும், அதனோடு மயங்கக்கூடிய றன்னகரமும் திண்டிவனம் என்னும் ஒரே சொல்லில் அமைந்துள்ளன. விழுப்புரத்தில் உகரக்குறியின் இரு வேறு வடிவங்கள் அடுத்தடுத்த அசைகளில் வருகின்றன.

விழுப்புரம் மாவட்டத்தின் ஒன்பது வட்டங்களின் பெயர்களையும் (விழுப்புரம், விக்கிரவாண்டி, திண்டிவனம், மரக்காணம், வானூர், செஞ்சி, மேல்மலையனூர், கண்டாச்சிபுரம், திருவெண்ணெய்நல்லூர்) தொகுத்து நோக்கினால், பதினெட்டு மெய்களுள் பதினைந்து இடம்பெறுகின்றன. எஞ்சிய ங, ள, ற ஆகியவற்றை முறையே ஓங்கூர், வளவனூர், திருநாதர்குன்று ஆகிய பெயர்கள் தருகின்றன. ஈகாரக்குறிக்கு வீடூர் உண்டு. ஆக, பதின்மூன்று பெயர்களில் பதினெட்டு மெய்களும் அடங்கிவிடுகின்றன. எந்தத் தடித்த எழுத்துருவையும் இப்பட்டியலைத் தட்டச்சிட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் மதிப்பிடலாம்.

5. தடிமனும் உள்வெளியும்

கோலின் பருமன் கூடும்போது எல்லா எழுத்துகளும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. இதனை எளிய கணக்கால் விளக்கலாம். எழுத்தின் அகலம் 280 மி.மீ., கோலின் பருமன் 40 மி.மீ. எனக் கொள்வோம். பகரத்திற்கு நிலைக்கோல்கள் இரண்டு. அவற்றிற்கு இடையே 200 மி.மீ. வெளி உண்டு. குறைந்தது நான்கு நிலைக்கோல்களை உடையதாகக் கணக்கிடத்தக்க ணகரத்தில் கோல்கள் 160 மி.மீ. கொள்ள, மீதி 120 மி.மீ. மூன்று இடைவெளிகளுக்குப் பங்காகும். ஒவ்வொன்றும் 40 மி.மீ.

இனி, அகலத்தை மாற்றாமல் கோலை மட்டும் 60 மி.மீ. ஆக்கினால், பகரத்தின் வெளி 160 மி.மீ. ஆகிறது, இழப்பு ஐந்தில் ஒரு பங்கு. ணகரத்திலோ ஓர் இடைவெளி ஏறத்தாழ 13 மி.மீ. ஆகச் சுருங்குகிறது, இழப்பு மூன்றில் இரண்டு பங்கு. முன்பிருந்த 40 மி.மீ. இடைவெளியைக் காக்க வேண்டுமாயின் ணகரத்தின் அகலம் 360 மி.மீ. ஆக வேண்டும். பகரத்திற்கு அத்தகைய மாற்றம் தேவையில்லை. எல்லா எழுத்துகளையும் ஒத்த அகலச் சட்டத்துள் அமைக்கும் வடிவியல் ஒழுங்கு தமிழில் இவ்விடத்தில் முறிகிறது.

இவ்வேறுபாட்டின் நடைமுறை விளைவைச் சாலையில் காணலாம். இயல்பான கண்பார்வை ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள இடைவெளியைப் பிரித்தறியும். 100 மீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய 29 மி.மீ. அவ்வகையில், 40 மி.மீ. இடைவெளி 137 மீட்டர் வரையிலும், 13 மி.மீ. இடைவெளி 46 மீட்டர் வரையிலுமே பிரிந்து தெரியும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நோக்கி மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் சுமார் 22 மீட்டர் கடக்கிறது. முதல் வடிவில் படிப்பவர்க்கு ஆறு நொடி கிடைக்கிறது. இரண்டாம் வடிவில் இரண்டு நொடி. இவை கோட்பாட்டு எல்லைகள். வெயில், தூசு, முதுமைப் பார்வை ஆகியவை இவற்றை மேலும் குறைக்கும். கோலைப் பருக்கச் செய்தவர் எழுத்து எடுப்பாகத் தெரிய வேண்டும் என்றே அவ்வாறு செய்கிறார். தொலைவிலிருந்து பலகை கண்ணில் படுகிறது என்பது உண்மை. அதில் உள்ள எழுத்துப் படிக்கப்படுவதில்லை.

6. புள்ளி

மெய் புள்ளியோடு நிற்கும் என்பதைத் தொல்காப்பிய நூன்மரபு வரையறுக்கிறது. எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்கிறது. ஆயினும் கல்வெட்டிலும் ஓலையிலும் புள்ளி பெரும்பாலும் விடப்பட்டது. படிப்பவர் மொழியறிவால் அதனை நிரப்பிக்கொண்டார். அச்சுக்கலை புள்ளியை நிலைப்படுத்தியது. தடித்த எழுத்துரு அதனை மீண்டும் ஐயத்திற்குள்ளாக்குகிறது.

புள்ளியின் விட்டம் கோலின் பருமனைவிடக் குறைந்தால், அது எழுத்தின் பகுதியாகத் தோன்றாமல் அச்சுக்கறைபோல் ஒதுங்கும். கூடினால் மேல்வரியை முட்டும். எழுத்தின் மேற்கோலுக்கும் புள்ளிக்கும் இடைப்பட்ட வெளி சுருங்கினால் இரண்டும் ஒட்டி மேட்டுருவாகத் தோன்றும். பகரம் மேலே திறந்திருப்பதால் ப் என்பதில் புள்ளிக்கு அடியில் வெளி கிடைக்கிறது. ணகரத்தின் தலைப்பகுதியில் அத்தகைய திறப்பு இல்லை. எனவே ஒரே உயரத்தில் வைக்கப்பட்ட புள்ளி, விழுப்புரத்தின் பகரத்தில் தெளிவாகவும் திண்டிவனத்தின் ணகரத்தில் ஒட்டியும் தோன்றக்கூடும். எழுத்துக்கு எழுத்துப் புள்ளியின் இருப்பிடத்தைக் கண்ணளவால் திருத்துவதே இதற்குத் தீர்வு. கோலின் பருமனை ஒத்த அல்லது சற்றே மிகுந்த விட்டமும், நிறைவட்ட வடிவும் இவ்வகை எழுத்துருவுக்கு ஏற்றவை. நடுவில் வெற்றிடம் விட்ட வளையப்புள்ளி எளிதில் அடைபட்டுவிடும்.

7. மயங்கும் இணைகள்

ர, கால்: ஓலைச்சுவடியில் ரகரமும் காலும் ஒரே வடிவின. இன்று ரகரத்தின் அடியிலுள்ள சிறு சாய்கோலே இரண்டையும் பிரிக்கிறது. தடித்த எழுத்தில் அச்சாய்கோலின் நீளம் கோலின் பருமனுக்கு நிகராகிவிடுகிறது. முனையை மழுக்கினால் மேலும் குறைகிறது. 'மரக்காணம்' என்பதில் ரகரமும் காலும் ஒரே சொல்லில் வருவதால் இவ்வேறுபாட்டை உடனே சோதிக்கலாம். மேலும், பல எழுத்துருக்களில் ர், ரி, ரீ ஆகியவை சாய்கோலின்றிக் காலின் வடிவத்தின்மேல் குறியிட்டு வரையப்படுகின்றன. 'வானூர்' என்பதில் இடையிலுள்ள காலையும் இறுதியிலுள்ள ரகரமெய்யையும் பிரிப்பது அப்போது புள்ளி ஒன்றே. இவ்வடிவ ஒற்றுமையால், ரகரத்திற்குப் பதிலாகக் காலைத் தட்டச்சிடும் பிழை மின்னுரைகளில் பரவலாக உள்ளது. ஒருங்குறியில் இரண்டும் வேறு குறியெண்கள் ஆதலால், அவ்வாறு உள்ளிட்ட சொல் தேடலில் அகப்படாது. சொல்லடைவும் தரவகமும் உருவாக்கும் ஆய்வாளர்க்கு இதன் இழப்பு புரியும்.

இகர ஈகாரம்: இகரக்குறி வளைவோடு முடிய, ஈகாரக்குறி சுழியோடு முடிகிறது. அச்சுழி அடைபட்டால் இரண்டும் ஒரு தடித்த வளைவாகிவிடும். 'விழுப்புரம்', 'வீடூர்' இரண்டின் முதலெழுத்துகளை அருகருகே வைத்து இதனைச் சோதிக்கலாம். நிதி, நீதி என்பன போன்ற சொற்கள் அலுவலகப் பலகைகளில் இடம்பெறுவன. இங்கு மயக்கம் பொருளையே மாற்றும்.

எகர ஏகாரம்: குறிலைப் புள்ளியால் காட்டிய பழைய முறை மாறி, நெடிலை வேறு வடிவால் காட்டும் முறை பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவரின் சீர்திருத்தத்தோடு நிலைபெற்றது. வேறுபாடு முன்பு எழுத்தின் மேலிருந்தது. இன்று எரி, ஏரி என்பவற்றில் முதலெழுத்தின் அடியிலும், செ, சே என்பவற்றில் கொம்பின் தலையிலும் இருக்கிறது. எங்கிருந்தாலும் அது எழுத்தின் ஓரத்தில் உள்ள சிறு உறுப்பாகவே இருந்துவந்திருக்கிறது. தடிமன் முதலில் விழுங்குவது ஓரத்துச் சிற்றுறுப்புகளையே.

உகரக்குறி: ஒருங்குறியில் உகரக்குறி ஒன்றே. வரிவடிவிலோ பு என்பதில் கோல் கீழ்நோக்கி இறங்குகிறது. ழு என்பதில் வளைந்து சுற்றுகிறது. ஆகவே உகர ஊகார உயிர்மெய்களை எழுத்துருவில் தனித்தனி வடிவங்களாக வரைய வேண்டும். இவ்வகையில் ழு மிகுந்த நெருக்கமுடையது. கீழிறங்கும் பகுதிக்குப் போதிய உயரம் ஒதுக்காத எழுத்துருவில் அது தன் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

எழுத்துச் சீர்திருத்தம் இவ்வகை எழுத்துருவுக்கு ஓரளவு துணைபுரிந்துள்ளது. பெரியார் 1935-இல் குடியரசு இதழில் கையாளத் தொடங்கி, 1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற மாற்றத்தால் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவம் நீங்கி, ஐகாரக்குறி ஒருமைப்பட்டது. 'மேல்மலையனூர்' என்பதன் லகர ஐகாரம் பழைய வடிவில் இருந்திருப்பின் தடித்த கோலில் அதனை வரைவது அரிதாயிருந்திருக்கும்.

8. இரு சான்றுகள்

இவ்வகையில் தமிழுக்கு அமைந்தவற்றுள் பாலூ தம்பி, காயினி ஆகிய இரண்டும் குறிப்பிடத்தக்கவை. இரண்டும் திறந்த உரிமத்தில் கூகுள் எழுத்துருத் தொகுப்பின்வழிக் கட்டணமின்றிக் கிடைப்பன.

மும்பையைச் சார்ந்த ஏக் டைப் குழுவினர் இந்திய வரிவடிவங்கள் பலவற்றிற்கும் ஒருசேர உருவாக்கிய குடும்பம் பாலூ. அதன் தமிழ்ப்பகுதியை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். தமிழுக்குத் 'தம்பி', மலையாளத்திற்குச் 'சேட்டன்', தெலுங்குக்குத் 'தம்முடு' என அந்தந்த மொழியின் உறவுப்பெயரே எழுத்துருவின் பெயரிலும் இடம்பெற்றுள்ளது. முதலில் ஒரே தடிமனில் வெளிவந்த இக்குடும்பம், இரண்டாம் பதிப்பில் ஐந்து தடிமன்கள் பெற்றது. இவ்விரிவாக்கம் பயன்பாட்டு நோக்கில் முதன்மையானது. தொலைவு, அளவு, ஒளி ஆகியவற்றிற்கேற்பத் தடிமனைக் குறைத்துக்கொள்ளும் வாய்ப்பை அது தருகிறது. பாலூ முற்றிலும் வடிவியல் கட்டமைப்பு உடையதன்று. தூரிகையின் நெகிழ்ச்சி அதில் உண்டு. தமிழ்ச் சுழிகளுக்கு இடமளிக்க அந்நெகிழ்ச்சி உதவுகிறது.

காயினி, பிரேசில் நாட்டு வடிவமைப்பாளர் மார்செலோ மகல்யாயிஸ் உரோமனுக்கும் தமிழுக்கும் வரைந்தது. ஒரே தடிமன் உடைய இது, பெரிய அளவுத் தலைப்புக்கு உரியது. தமிழைப் பிறந்தமொழியாகக் கொள்ளாதவரும் இவ்வரிவடிவத்தில் பணிபுரிகின்றனர் என்பதற்கு இது சான்று. அத்தகையோர்க்கு எவ்வேறுபாடுகள் விட்டுக்கொடுக்கத்தகாதவை என்று எடுத்துரைக்கும் பொறுப்பு தமிழ்த்துறைகளுக்கு உரியது.

9. பயன்பாட்டு எல்லைகள்

நூல் முகப்பு, சிறுவர் நூலின் தலைப்பு, பொருளுறை, அருகிலிருந்து படிக்கும் கடைப்பலகை, செயலியின் பொத்தான் ஆகியவற்றில் இவ்வகை எழுத்துரு பொருந்தும். தொடருரைக்குப் பொருந்தாது; சிறிய அளவில் சுழிகள் அடைபடும். எழுத்தறிமுகப் பாடநூலின் பாடப்பகுதியிலும் தவிர்க்கத்தக்கது. சுழியை எண்ணிக் கற்கும் குழந்தைக்குச் சுழி தெரிய வேண்டும். நெடுஞ்சாலை வழிகாட்டிப் பலகைக்குத் திறந்த உள்வெளியும் நடுத்தரத் தடிமனும் உடைய எழுத்துருவே ஏற்றது. இருண்ட பின்புலத்தில் ஒளிரும் பலகையில் ஒளி பரவிக் கோல் பருத்துத் தோன்றும். அங்கே ஒருபடி மெல்லிய தடிமனைத் தேர்தல் வேண்டும்.

அச்சகங்களில் பரவலாயுள்ள ஒரு வழக்கமும் கருதத்தக்கது. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவைச் சுற்றி அதே வண்ணத்தில் புறக்கோடு இட்டுப் பருக்கச் செய்கின்றனர். புறக்கோடு வெளிப்புறம் வளர்வதுபோலவே உட்புறமும் வளர்ந்து உள்வெளியை அடைக்கிறது. கோலின் பருமன் கூடுகிறதேயன்றி, வெளி மறுபங்கீடு செய்யப்படுவதில்லை. கணினி தானே உருவாக்கும் போலித்தடிமனுக்கும் இது பொருந்தும். தடித்த வடிவம் தனியே வரையப்பட்ட எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தாலே இக்குறை நீங்கும்.

10. முடிவுரை

1. தடித்த வட்டமுனை எழுத்துருவைத் தமிழில் அமைக்கும்போது முனையின் வட்டம் சுழியின் வட்டத்தோடு முரண்படுகிறது. சுழியைக் காப்பதே முதற்கடமை.

2. கோல் பருமன் கூடுவதற்கேற்ப எழுத்துகளின் அகலம் வேறுவேறு அளவில் விரிய வேண்டும். ஒத்த அகலம் என்னும் வடிவியல் நெறி தமிழுக்கு அப்படியே பொருந்தாது.

3. புள்ளி, ரகரத்தின் சாய்கோல், ஈகாரச் சுழி, ஏகாரக் குறி ஆகிய நான்கும் விட்டுக்கொடுக்கத்தகாத உறுப்புகள். தேவைப்படின் இவற்றை எழுத்தின் பிற பகுதிகளைவிட மெல்லிய கோலால் வரையலாம்.

4. வட்டார ஊர்ப்பெயர்ப் பட்டியல் எழுத்துருச் சோதனைக்கு எளிய, பொருத்தமான கருவியாகும். ஒவ்வொரு மாவட்டத்திற்கும் இத்தகைய பட்டியலைத் தமிழ்த்துறை மாணவர்கள் தொகுக்கலாம்.

உள்ளாட்சி அமைப்புகளும் பள்ளிகளும் பெயர்ப்பலகை எழுதுவிக்கும்போது மேற்கண்ட பதின்மூன்று பெயர்களை அதே எழுத்துருவில் அச்சிட்டு, பலகை படிக்கப்பட வேண்டிய தொலைவிலிருந்து ஒருமுறை பார்ப்பது போதும். ண, ன பிரிகின்றனவா, புள்ளி நிற்கிறதா, வீடூரின் ஈகாரம் ஈகாரமாகவே தெரிகிறதா என்பன அப்போதே விளங்கிவிடும்.